ஐம்பது சென்ட் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இவ்வளவா... தெரியுமா?

இன்ஸ்டாகிராம் வந்த புதிதில் அதில் சதுரப் படம் மட்டும்தான் போட முடியும், நினைவிருக்கிறதா? 2010 அக்டோபரில் தொடங்கி 2015 வரை அதுதான் சட்டம். அந்தச் சதுரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் பொம்மை கேமராவிலிருந்து!

இன்ஸ்டாகிராமைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கெவின் சிஸ்ட்ராம், கல்லூரிக் காலத்தில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குப் புகைப்படக்கலை படிக்கப் போனார். கையில் நல்ல விலையுள்ள கேமரா. வகுப்பு ஆசிரியர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, பதிலுக்கு ‘ஹோல்கா’ என்ற பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்துவிட்டார். ஓரம் மங்கி, மூலை இருண்டு, சதுரமாக வந்த படங்கள் அந்த மாணவரை விடவே இல்லை. இன்று நாம் கைபேசியில் விரலால் தட்டிப் போடுகிற ‘ஃபில்டர்’ மங்கலுக்கெல்லாம் அந்த டப்பாதான் பாட்டி!

இந்தக் கேமராக்கள் மேல் எனக்குத் தீராத ஆசை. காரணம் ஒன்றுதான். அவற்றில் குறை என்று சொல்லப்படுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு இயற்பியல் இருக்கிறது, ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்த பிறகு அந்தக் குறையைக் கொண்டே படம் எடுக்கலாம். விலை உயர்ந்த கேமரா தன் வேலையை உள்ளே மறைத்து வைத்துக்கொள்ளும். பொம்மை கேமராவில் எல்லாமே கண்ணுக்கு முன்னால் நடக்கும்.

ஹோல்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங்கில் லீ டிங்-மோ என்பவர் 1981இல் வடிவமைத்தது. சீனத்து உழைக்கும் குடும்பங்கள் கல்யாணம், பண்டிகை, ஊர்ப்பயணம் என்று படம் எடுத்துக்கொள்ள மலிவாக ஒரு கேமரா வேண்டும் என்பதுதான் நோக்கம். அங்கே அப்போது தாராளமாகக் கிடைத்தது 120 ரோல் ஃபிலிம். அதற்கேற்ற கேமராவைச் செய்து முடித்த கையோடு 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சந்தையைப் பிடித்துக்கொண்டது! வீட்டுக்காரர்களுக்காகச் செய்த கேமரா கப்பலேறி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கலைக்கல்லூரி மாணவர்களின் தோளில் தொங்க ஆரம்பித்தது.

உடம்பு பிளாஸ்டிக். லென்ஸும் பிளாஸ்டிக். ஷட்டருக்கு ஒரே வேகம், ஏறக்குறைய நொடியில் நூறில் ஒரு பங்கு. தூரம் பார்க்க மீட்டர் கணக்கெல்லாம் கிடையாது. லென்ஸைச் சுற்றி நான்கு படம் வரைந்திருக்கும்: ஒரு ஆள், ஒரு சின்னக் குடும்பம், ஒரு கூட்டம், ஒரு மலை. எதிரில் நிற்பது எதுவோ அதற்கு நேராகத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். இதைவிடத் தெளிவான ஃபோகஸ் வளையத்தை நான் பார்த்ததில்லை.

அதைவிட ஆச்சரியம் லென்ஸுக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன விசை. ஒரு பக்கம் சூரியன், இன்னொரு பக்கம் மேகம். வெயிலென்றால் அங்கே தள்ள வேண்டும், மூட்டமென்றால் இங்கே. உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் வருடக்கணக்காக அதைப் பொறுப்பாகத் தள்ளித் தள்ளிப் படம் எடுத்தார்கள். அந்த விசை எதையுமே மாற்றவில்லை என்பது தெரியுமா? ‘சூரியன்’ பக்கம் தள்ளினால் குறுக்கே வரும் தகட்டில் இருந்த துளை, பின்னால் நிரந்தரமாக இருக்கும் துளையைவிடப் பெரிது! அதனால் இரண்டு நிலையிலும் ஒரே அளவு வெளிச்சம்; துளையின் அளவு, புகைப்படக்காரர் கணக்கில், ஏறக்குறைய எஃப் 13. பிற்கால மாடல்களில்தான் இதைச் சரிசெய்தார்கள்.

அப்படியானால் படம் எப்படி விழுந்தது? இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். இது தெரிந்தால் லைட் மீட்டரே வேண்டாம். பழைய புகைப்படக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. நல்ல வெயிலில் துளையை எஃப் 16இல் வைத்தால், ஃபிலிமின் வேக எண்தான் ஷட்டர் வேகம். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் என்றால் நொடியில் நூறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஹோல்காவின் ஷட்டர் ஏற்கெனவே நூறில் ஒரு பங்கு. துளை எஃப் 13. ஆக, 100 ஃபிலிமைப் போட்டு வெயிலில் நின்றால் கணக்கு அரை ஸ்டாப் வித்தியாசத்தில் (வெளிச்சம் இரட்டிப்பானால் அது ஒரு ஸ்டாப்) தானாகவே பொருந்திவிடும்! 400 ஃபிலிம் போட்டால் வெயிலில் இரண்டரை ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் விழும். விழட்டுமே! நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும்; குறைந்தால்தான் கைவிரிக்கும். அதே 400 ஃபிலிம் வேப்பமர நிழலிலும் கைகொடுக்கும். அதனால்தான் இந்த ஆசை பிடித்தவர்கள் எல்லோரும் முதல் ரோலுக்கு 400 போடச் சொல்கிறார்கள். நானும் அதையேதான் சொல்வேன்.

ரோல் போடுவதே ஒரு தனிச் சந்தோஷம். இரண்டு பக்கமும் இருக்கும் உலோகக் கிளிப்பை மேலே தள்ளினால் பின்மூடி முழுசாகக் கையோடு வந்துவிடும். புது ரோலை இடப்பக்கம் வைத்து, கறுப்புக் காகிதத்தின் நுனியை இழுத்து, வலப்பக்கக் காலி ஸ்பூலின் பிளவில் நுழைத்து ஒரு சுற்று சுற்ற வேண்டும். காகிதம் விறைப்பாக இருக்க வேண்டும். தொளதொளவென்று விட்டால் ஓரத்தில் வெளிச்சம் ஏறிவிடும். மூடியைப் போட்டுத் திருகினால் ‘கிர்ர்... கிர்ர்...’ என்று பல்சக்கரச் சத்தம். முதுகில் இருக்கும் சின்னச் சிவப்பு ஜன்னலில் அம்புக்குறிகள் நகரும், புள்ளிகள் நகரும், கடைசியில் ‘1’ என்ற எண் மெதுவாக வந்து நிற்கும். ஆஹா! அதன் பிறகு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து மூடியின் விளிம்பு முழுக்க ஒட்டிவிட வேண்டும். உலோகக் கிளிப்பின் மேலும் ஒட்டுங்கள். நடக்கும்போது அது நழுவி விழுந்து மூடி திறந்துகொள்வது ஹோல்காவில் எல்லோருக்கும் நடப்பதுதான்.

அந்த ஜன்னல் ஏன் சிவப்பு? யோசித்திருக்கிறீர்களா? அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு நிறம் கண்ணுக்கே தெரியாது! நீலத்தையும் பச்சையையும் மட்டும் உணரும் ஃபிலிம் அது. சிவப்புக் கண்ணாடி வழியாக எவ்வளவு வெளிச்சம் போனாலும் அதற்கு இருட்டுதான். இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் இதனால்தான். பிறகு எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிம் வந்துவிட்டது. ஜன்னல் மட்டும் பழைய வழக்கப்படி சிவப்பாகவே நின்றுவிட்டது. இப்போதைய ஃபிலிமைக் காப்பாற்றுவது அதன் முதுகில் இருக்கும் கறுப்புக் காகிதம்தான். கொளுத்தும் வெயிலில் ஜன்னல் மேலேயும் ஒரு துண்டு டேப் ஒட்டி, திருகும்போது மட்டும் நிழலில் தூக்கிப் பார்ப்பது நல்லது.

120 ஃபிலிமுக்கு வயது என்ன தெரியுமா? கோடாக் நிறுவனம் ‘நம்பர் 2 பிரௌனி’ கேமராவுக்காக 1901இல் கொண்டுவந்தது. நூற்று இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் அதே அகலம், அதே காகிதம், புதிதாகத் தயாராகிக்கொண்டே இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் பெட்டிக் கேமரா பரணில் கிடந்து, அது 120 ரகமாக இருந்தால், இந்த வாரம் வாங்கிய ரோல் அதில் கச்சிதமாகப் பொருந்தும்.

பிரௌனி என்றவுடன் இதையும் சொல்லிவிட வேண்டும். முதல் பிரௌனி 1900 பிப்ரவரியில் வந்தது. விலை ஒரே ஒரு டாலர்! அட்டைப் பெட்டி, ஒற்றை லென்ஸ், சிறுவர் சிறுமியருக்கென்றே விளம்பரம். அந்த வரிசையில் வந்த ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு 1912 ஏப்ரலில் ‘கார்பேதியா’ என்ற கப்பலில் போய்க்கொண்டிருந்தாள் பெர்னிஸ் பால்மர் என்ற கனடா நாட்டுப் பெண். வயது பதினேழு. நள்ளிரவில் கப்பல் திடீரென்று திசை திரும்பியது. மூழ்கிப்போன டைட்டானிக்கிலிருந்து தப்பியவர்களை அள்ளி ஏற்றியது அந்தக் கார்பேதியாதான்! விடிந்ததும் பனிமலைகளையும், மேல்தளத்தில் போர்வை போர்த்தி நின்றவர்களையும் தன் பெட்டியால் படம் எடுத்தாள். அந்தப் படங்களின் உரிமையை நியூயார்க்கில் ஒரு செய்திப்பட நிறுவனம் பத்து டாலருக்கு வாங்கிக்கொண்டது. அவளுடைய பிரௌனி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நான்கு வருடம் கழித்து, 1916இல், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்குப் பெற்றோர் ஒரு பிரௌனி வாங்கிக் கொடுத்தார்கள். பையன் பெயர் ஆன்ஸல் ஆடம்ஸ். பின்னாளில் கறுப்பு வெள்ளை நிலக்காட்சி என்றாலே உலகம் சொல்லும் முதல் பெயர்!

சரி, தலைப்பில் சொன்ன ஐம்பது சென்ட் டப்பாவுக்கு வருகிறேன். அதன் பெயர் டயானா. 1960களில் ஹாங்காங்கின் கவ்லூன் பகுதியில் கிரேட் வால் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தயாரானது. அமெரிக்காவில் ஒரு மொத்த வியாபாரி 144 கேமராக்கள் கொண்ட பெட்டியாக விற்றார். ஒன்றின் விலை சுமார் ஐம்பது சென்ட்! பரிசுப்பொருளாக, சந்தைக்கடைச் சாமானாக ஊரெல்லாம் பரவியது. அதே அச்சில் வார்த்து, பெயரை மட்டும் மாற்றி ஏகப்பட்ட தம்பிகள் வந்தன. கறுப்பும் நீலமும் கலந்த உடம்பு, கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஒரு 120 ரோலில் நாலு சென்டிமீட்டர் சதுரமாகப் பதினாறு படம்.

இந்தச் சாமானைக் கலை ஆக்கிக் காட்டியவர் நான்ஸி ரெக்ஸ்ராத். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1970களில் டயானாவோடு அலைந்து, வீடுகளையும் வெள்ளைச் சுவர்களையும் மரங்களையும் எடுத்தார். 1977இல் அந்தப் படங்கள் ஒரு புத்தகமாக வந்தன. பெயர் ‘ஐயோவா’. ஆனால் படங்களில் பெரும்பாலானவை ஐயோவாவில் எடுத்தவையே இல்லை! சிறுமியாக இருந்தபோது ஐயோவாவில் இருந்த சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வந்த ஞாபகத்தை அவர் ஒஹையோவின் தெருக்களில் தேடி எடுத்தார். துல்லியமான கேமரா இருந்திருந்தால் அது ஒஹையோ என்று முகவரியோடு காட்டிக்கொடுத்திருக்கும். டயானாவின் மங்கலில்தான் ஒரு ஊர் இன்னொரு ஊரின் ஞாபகமாக மாற முடிந்தது. பொம்மை கேமராவில் எடுத்த படங்களில் எதை முதலில் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், தயங்காமல் இந்தப் புத்தகத்தைத்தான் சொல்வேன். நாற்பது வருடம் கழித்து 2017இல் மறுபதிப்பும் வந்துவிட்டது.

அந்த மங்கல் எப்படி வருகிறது? லென்ஸுக்குள் இருப்பது ஒரே ஒரு வளைந்த வில்லை. நல்ல லென்ஸில் ஆறு, ஏழு கண்ணாடிகள் ஒன்றின் தப்பை ஒன்று திருத்தும். இங்கே திருத்த ஆளில்லை. ஒற்றை வில்லை உருவாக்கும் பிம்பம் தட்டையாக விழாது, கிண்ணம்போல் வளைந்து விழும். ஃபிலிமோ தட்டையாக நிற்கிறது. அதனால் நடுவில் கூர்மை, ஓரத்தில் கரைசல். நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் அது ஒரே இடத்தில் சேர்க்காது. அதனால் விளிம்புகளில் நிறக் கசிவு. பிம்பத்தின் வட்டம் சதுரத்தை முழுசாக நிரப்பாது; அதனால் மூலைகளில் இருட்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது பார்த்தீர்களா!

ஒற்றை வில்லையின் கதை இன்னும் பழையது. லண்டனில் வில்லியம் ஹைட் வுல்லஸ்டன் என்ற அறிவியலாளர், பல்லேடியம், ரோடியம் என்ற இரண்டு உலோகங்களைக் கண்டுபிடித்தவர், 1812இல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பிறைபோல் வளைந்த ஒற்றை வில்லையைச் சரியான பக்கம் திருப்பி, அதற்கு முன்னால் ஒரு சின்னத் துளையை வைத்தால், இருட்டுப் பெட்டிக்குள் விழும் பிம்பம் ஓரம் வரைக்கும் ஓரளவு தெளிவாகிவிடுகிறது! ஒரு துளை, ஒரு பிறைவில்லை. பொம்மை கேமராவின் கண் அதே குடும்பம்தான். ஆனால் 1812இல் புகைப்படம் என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது. பிரெஞ்சுக்காரர் நீப்ஸ் தன் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சியைத் தகட்டில் பதித்தது 1826, 1827 வாக்கில்தான். படம் பிறப்பதற்கு முன்பே அதன் லென்ஸ் பிறந்துவிட்டது!

இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்று. பிம்பம் வளைந்து விழுகிறதா, ஃபிலிமையும் வளைத்து வைத்துவிடு! பல பெட்டிக் கேமராக்களில் ஃபிலிம் ஓடும் பாதை லேசாக வளைந்திருப்பது இதற்குத்தான். கல்யாண வீடுகளில் மேசைக்கு மேசை வைத்தார்களே, ஒருமுறை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடும் கேமரா, ஃபூஜி நிறுவனம் 1986இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய ரகம், அதற்குள்ளும் இதே வளைவுதான்.

நம் ஊரில் இந்தக் கதை வேறு பெயரில் நடந்தது. அக்ஃபா கிளிக் III! வடோதராவில் தயாராகி, ஒரு தலைமுறைக்கே முதல் கேமராவாக இருந்தது. 120 ரோல், பன்னிரண்டு படம். பழனி அடிவாரம், மெரினா, மொட்டைமாடி என்று எத்தனை வீட்டு ஆல்பத்தில் அதன் சதுரப் படங்கள் கறுப்பு அட்டையில் மூலை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன! பன்னிரண்டே படம் என்பதால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, சூரியனைப் பார்க்க வைத்து, கண் கூச எடுப்பார்கள். பாட்டி, தாத்தா படங்களில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இந்தக் கேமராக்களின் அந்த ஒற்றை ஷட்டர் வேகமும் சின்னத் துளையும்தான். முகத்தில் வெயில் விழுந்தால்தான் படம் விழும்.

அந்த ரோல் ஃபிலிமே தமிழ்நாட்டில் தயாரானது தெரியுமா? உதகமண்டலத்தில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், பிரின்ட் போடும் காகிதம் எல்லாம் அங்கிருந்து போயின. ஃபிலிம் பூசும் இடத்தில் ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் புள்ளி விழும். குளிர்ந்த, தூசி குறைந்த மலைக்காற்று அதற்கு எவ்வளவு பொருத்தம்! ஆலை மூடப்பட்டுவிட்டது. ஊட்டியில் ‘இந்து நகர்’ என்ற இடப்பெயர் இன்னும் இருக்கிறது. இந்தத் தொழிலை நாம் கைவிட்டிருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இன்று ஒரு ரோல் ஃபிலிமுக்கு வெளிநாட்டைப் பார்த்து நிற்கிறோம்.

ஃபிலிமுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இன்னும் தலை சுற்றும். ஜெலட்டின் என்ற பசையில் மிதக்கும் வெள்ளி உப்புப் படிகங்கள். ஜெலட்டின் மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. ஒரு தொகுதி ஜெலட்டினில் ஃபிலிம் நன்றாக வெளிச்சத்தை உணரும், இன்னொரு தொகுதியில் மந்தமாகிவிடும். காரணம் யாருக்கும் புரியவில்லை. கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் 1925 வாக்கில் கண்டுபிடித்தார்: மாடுகள் மேய்ந்த கடுகுச் செடி! கடுகின் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மம் மாட்டின் உடம்பு வழியாக ஜெலட்டினுக்கு வந்து, வெள்ளிப் படிகங்களை வெளிச்சத்துக்கு விழிப்பாக்கியிருக்கிறது. நாம் தாளிக்கும் கடுகுக்கும் சினிமாவுக்கும் இப்படி ஒரு சொந்தம்!

ஷட்டர் ‘டிக்’ என்று திறந்து மூடும் அந்த நொடித்துளியில் ஒரு படிகத்தில் நடப்பது என்ன தெரியுமா? சுமார் நான்கே வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்கின்றன. நான்கே நான்கு! நுண்ணோக்கியில் வைத்தாலும் தெரியாத அந்தப் புள்ளி இருந்தால் போதும், டெவலப்பரில் போட்டதும் முழுப் படிகமும் கறுப்பு வெள்ளியாக மாறிவிடும். எடுத்த படம் கழுவும் வரைக்கும் ஃபிலிமுக்குள் ஒளிந்திருக்கிறது என்று சொல்வது உவமையே இல்லை, அப்படியே உண்மை.

கழுவ டெவலப்பர் இல்லையா? சமையலறைக்கு வாருங்கள்! 1995இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்விநிலையத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் மாணவர்களும் இன்ஸ்டன்ட் காபித்தூளையும் சலவைச் சோடாவையும் தண்ணீரில் கலந்து கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவிக் காட்டினார்கள். பிறகு வந்தவர்கள் வைட்டமின் சி பொடியையும் சேர்த்துப் பலன் கூட்டினார்கள். வேலை செய்வது காபியில் இருக்கும் கஃபீன் அல்ல. கஃபேயிக் அமிலம் போன்ற வேறு பொருட்கள். கஃபீன் நீக்கிய காபியிலும் படம் வரும்! சிக்கரி கலக்காத தூளாகப் பாருங்கள், ஆப்ப சோடாவை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான செய்முறைகள் 20 டிகிரித் தண்ணீருக்கு எழுதியவை. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் கோடையில் அதைவிட எவ்வளவோ சூடு. கலவைப் பாத்திரத்தை ஐஸ்கட்டி போட்ட வாளிக்குள் நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இறங்க விட வேண்டும். கால் மணி நேரம் போல டாங்கைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கழுவி, தண்ணீர் மாற்றி, ஹைப்போவில் போட்டு எடுத்து விளக்குக்கு நேரே தூக்கினால்... காபி வாசனையோடு நெகட்டிவ்!

ஹைப்போவின் வேலை மட்டும் காபியால் முடியாது. ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டு எழுதிவைத்துவிட்டார். புகைப்படம் அறிவிக்கப்பட்ட 1839 வந்ததும் பழைய குறிப்பு கைகொடுத்தது. லென்ஸும் தயார், ஹைப்போவும் தயார், நடுவில் ஃபிலிம் மட்டும்தான் வரவேண்டியிருந்தது!

விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு பெயர் போதும்: டேவிட் பர்னெட். போர்க்களங்களும் வெள்ளை மாளிகையும் பார்த்த அமெரிக்கச் செய்திப்படக்காரர். 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் வேட்பாளர் அல் கோரின் பிரசாரக் கூட்டத்தை அவர் ஹோல்காவில் எடுத்த படம், வெள்ளை மாளிகைச் செய்திப்படக்காரர்கள் சங்கத்தின் போட்டியில் உயரிய பரிசை வாங்கியது. சுற்றிலும் நின்றவர்கள் கையில் என்னென்ன கேமரா இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

லோமோவை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். அன்றைய லெனின்கிராடில் 1984 முதல் பெருமளவில் தயாரான லோமோ எல்சி-ஏ, உண்மையில் பொம்மை இல்லை. கண்ணாடி லென்ஸும் தானியங்கி வெளிச்சக் கணக்கும் உண்டு. பிராகாவில் 1991இல் அது வியன்னா மாணவர்கள் கண்ணில் பட்டது. அடுத்த வருடமே ஒரு சங்கம், பிறகு ஒரு வியாபாரம். டயானா 2007இல் மறுபிறவி எடுத்தது அவர்கள் புண்ணியத்தில்தான்.

செக் நாட்டு மிரோஸ்லாவ் டிக்கி கேமராவையே கடையில் வாங்கவில்லை. அட்டை, தகரம், நூல்கண்டு ஆகியவற்றால் கட்டி, பிளெக்ஸிகிளாஸைப் பற்பசையாலும் சாம்பலாலும் தேய்த்து லென்ஸ் செய்தார்! அந்தக் கைவேலையை நான் வியக்கிறேன். ஆனால் ஊர்ப் பெண்களை அவர்கள் அறியாமல் எடுத்ததை ஏற்க மாட்டேன். மங்கலான கேமரா என்பது அனுமதி கேட்காமல் இருக்கக் காரணம் ஆகாது.

கையில் ஹோல்காவோ டயானாவோ இருந்தால் செய்து பார்க்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஃபிலிம் நகர்வதற்கும் ஷட்டருக்கும் தொடர்பே கிடையாது. திருகாமல் இன்னொரு முறை அழுத்தினால் ஒரே சட்டத்தில் கோபுரமும் அலையும். 120 கேமராவில் 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப் பஞ்சு வைத்து நிறுத்தி ஓட்டினால் ஓரத் துளைகளின் மேலேயே படம் பரவி விழும். கலர் ஃபிலிமைத் தலைகீழாகச் சுற்றி, முதுகுப் பக்கம் வெளிச்சம் படச் செய்தால் ஊரே செம்மண் நிறம்! காரணம் எளிது: நீலம் உணரும் அடுக்கு மேலே, சிவப்பு உணரும் அடுக்கு அடியில். திருப்பிவிட்டால் சிவப்புக்குத்தான் முதல் பந்தி.

2015 நவம்பரில் ஹோல்கா தயாரிப்பு நின்றது என்று செய்தி வந்தது. ரசிகர்கள் கலங்கிப்போனார்கள். 2017இல் திரும்பவும் கடைக்கு வந்துவிட்டது! 

அதுவும் வாங்க வேண்டாம் என்றால், ஒரு காலி தீப்பெட்டி போதும். உள்தட்டில் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டி, வெளியுறையில் ஒரு துளை போட்டு, அதன் மேல் ஊசியால் குத்திய மெல்லிய அலுமினியத் தகட்டை ஒட்டி, இரண்டு பக்கமும் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் டப்பியைக் கறுப்பு டேப்பால் சேர்த்துவிட்டால் கேமரா தயார். லென்ஸே கிடையாது! வெயிலில் 200 ஃபிலிமுக்கு ஒரு நொடி திறந்து மூடினால் போதும். சற்றே கூடினாலும் ஃபிலிம் பொறுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளைப் புகைப்பட நாள். 2001 முதல் நடக்கிறது. அன்று எடுத்த ஒரே ஒரு படத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, தீப்பெட்டியில் எடுத்ததையும் வாங்கிக்கொள்கிறார்கள்.